மெதுவாகப் பழுக்கும் திராட்சை: குளிர்நிலச் சிவப்பு ஒயினும் அதைச் செய்யும் சிறு குடும்பங்களும்

திராட்சைக் கொடி குளிரை விரும்பும் பயிர் அன்று. நாளின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் அதன் மொட்டுகள் விரிந்து தளிர்விடும். பூப்பதற்கு அதைவிடக் கூடுதலான வெப்பமும், பழம் முற்றுவதற்கு நீண்ட, வெயில் குறையாத ஒரு பருவமும் வேண்டும். அப்படியிருக்க, குளிர்நிலத்தில் விளைந்த சிவப்பு ஒயினை ஒரு தனி வகையாகக் கருதி, அதைத் தேடிச் சுவைப்பவர்கள் உலகெங்கும் இருப்பது முதலில் முரணாகத் தோன்றலாம். கருந்திராட்சை பழுக்கவே முடியாத குளிரும் இல்லாமல், எளிதில் பழுத்துவிடும் வெப்பமும் இல்லாமல், பருவத்தின் கடைசி வாரங்களில்தான் முற்றி முடிகிற எல்லையோர நிலங்களே இவ்வகை ஒயினின் பிறப்பிடம். அந்தத் தாமதம் பழத்துக்குள் என்ன செய்கிறது என்பது விளங்கிவிட்டால், மற்ற எல்லாமே தாமாக விளங்கிவிடும்.

முதலில், ஒரு நிலத்தைக் குளிர்நிலம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று பார்க்கலாம். 10 டிகிரிக்குக் கீழே கொடியின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடுவதால், ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலையும் அந்த அளவை எவ்வளவு மிஞ்சுகிறது என்று குறித்து, வளரும் பருவத்தின் ஏழு மாதங்களுக்கும் அதைக் கூட்டிக்கொண்டே போவார்கள். ஒரு நாளின் சராசரி 17 டிகிரி என்றால் கணக்கில் 7 சேரும். 9 டிகிரி என்றால் எதுவும் சேராது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்களான மேனார்ட் அமரீனும் ஆல்பர்ட் விங்க்ளரும் 1944இல் இந்த முறையைக் கொண்டு தங்கள் மாநிலத்தின் திராட்சை நிலங்களை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். கூட்டுத்தொகை சுமார் 1,390ஐத் தாண்டாத நிலங்கள் அவற்றுள் முதல் வகையைச் சேர்ந்தவை. அவையே மிகக் குளிர்ந்தவை. பின்னாளில் இதைவிட எளிய அளவீடு ஒன்றும் வழக்கத்துக்கு வந்தது: வளரும் பருவம் முழுவதற்குமான சராசரி வெப்பநிலை 13 முதல் 15 டிகிரிக்குள் இருந்தால் அது குளிர்நிலம்; 15 முதல் 17 வரை நடுத்தரம்; அதற்கு மேல் வெப்பநிலம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணக்கில் வருவது வளரும் பருவத்தின் வெப்பம் மட்டுமே. குளிர்காலம் எவ்வளவு கடுமையானது என்பது இதில் சேராது. உறங்கும் நிலையில் உள்ள கொடி உறைநிலைக்குப் பல டிகிரி கீழே இறங்கும் குளிரையும் தாங்கிக்கொள்ளும். பிரான்ஸின் பர்கண்டி, ஜெர்மனியின் ஆர் பள்ளத்தாக்கு, அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தின் வில்லாமெட் பள்ளத்தாக்கு, கனடாவின் நயாகரா, ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா, நியூசிலாந்தின் சென்ட்ரல் ஒடாகோ ஆகியவை குளிர்நிலங்கள் என்று வழக்கமாகக் குறிப்பிடப்படுபவை. இவற்றின் குளிர்காலங்கள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுகின்றன; பழம் முற்றும் வேகத்தில்தான் இவை உறவுக்காரர்கள்.

பழத்துக்குள் நடப்பதுதான் இதில் மிகச் சுவையான பகுதி. பூத்த பிறகு சில வாரங்களுக்குத் திராட்சை பச்சையாகவும் கடினமாகவும் கடும்புளிப்பாகவும் இருக்கும். பிறகு ஒரு கட்டத்தில் பழங்கள் மென்மையாகி, கொத்தில் ஒன்றும் இரண்டுமாக நிறம் மாறத் தொடங்கும். அந்த நாளிலிருந்து பல மாற்றங்கள் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன: இலைகளில் உருவாகும் சர்க்கரை பழத்துக்கு வந்து சேர்கிறது, புளிப்பு குறைகிறது, தோலில் நிறமி ஏறுகிறது, தோலிலும் விதையிலும் உள்ள டானின் தன் பச்சைத் துவர்ப்பை இழந்து இதமாகிறது, மணப்பொருள்கள் உருவாகின்றன, சில அழிகின்றன. இவை எல்லாம் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. ஒவ்வொன்றும் வெப்பத்துக்கு வெவ்வேறு விதமாக இணங்குகிறது. திராட்சை பழுத்துவிட்டதா என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது என்பதை ஒயின் கற்கத் தொடங்கும் ஒவ்வொருவரும் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

வெப்பமான நிலத்தில் சர்க்கரை முந்திக்கொள்கிறது. சாற்றில் லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒரு விழுக்காடு ஆல்கஹால் உண்டாகும். ஆகவே 13 விழுக்காட்டுக்கு லிட்டருக்கு 220 கிராம் போதும். வெயில் மிகுந்த இடத்தில் இந்த அளவை எட்டும்போது தோலும் விதையும் இன்னும் முற்றாமல் இருக்கக்கூடும். அவை முற்றட்டும் என்று காத்திருந்தால் சர்க்கரை மேலும் ஏறி, ஒயின் 15 விழுக்காட்டை நெருங்கும். கூடவே புளிப்பும் சரிந்துவிடும். திராட்சையில் டார்டாரிக், மாலிக் என இரண்டு முதன்மை அமிலங்கள் உண்டு. அவற்றுள் மாலிக் அமிலத்தைப் பழமே தன் சுவாசத்துக்கு எரித்துக்கொள்கிறது, வெப்பம் ஏற ஏற அந்தச் சுவாசமும் விரைவாகிறது. குளிர்நிலத்தில், குறிப்பாக இரவுகள் குளிர்ந்திருக்கும் இடங்களில், இந்த இழப்பு குறைவு. சர்க்கரை மெல்ல ஏறுகிறது, அது 12 அல்லது 13 விழுக்காட்டுக்கு உரிய அளவைத் தொடுவதற்குள் தோலுக்கும் விதைக்கும் மணப்பொருள்களுக்கும் தேவையான நாள்கள் கிடைத்துவிடுகின்றன, அமிலமும் மிச்சமிருக்கிறது. குளிர்நிலச் சிவப்பு ஒயினைக் குடிக்கும்போது நாவின் ஓரங்களில் நீர் ஊறுவதும், உலர்ந்த பழத்தைவிடப் புதிய பழத்தின் மணம் எழுவதும் இதனால்தான். செர்ரி, ராஸ்பெர்ரி போன்ற செம்பழங்களின் மணமே இவற்றில் ஓங்கி நிற்கும்.

நிறத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உள்ளது. கண்ணாடிக் குவளையின் மறுபக்கம் தெரியாத அளவுக்கு இருண்டிருந்தால்தான் நல்ல சிவப்பு ஒயின் என்று பலர் நம்புகிறார்கள். குளிர்நிலங்களின் தலையாய இரகமான பினோ நுவார் மெல்லிய தோல் கொண்டது. அதன் நிறமிகளும் மற்ற கருந்திராட்சைகளைவிடக் குறைந்த வகைப்பட்டவை. ஆகவே அதன் ஒயின் மாணிக்கக் கல்லைப் போல ஒளி ஊடுருவும்படிதான் இருக்கும். மிகச் சிறந்த பர்கண்டி ஒயின்கள் பலவற்றின் வழியாக மறுபக்கத்து எழுத்தைப் படித்துவிடலாம். நிறத்தின் அடர்த்தியை வைத்துத் தரத்தை எடைபோடுவது இவ்வகை ஒயினுக்குச் செய்யும் அநீதி.

பினோ நுவாருக்கு அடுத்தபடியாகக் குளிர்நிலங்களில் காமே, கேபர்னே ஃப்ராங்க், ப்ளவ்ஃப்ரான்கிஷ் ஆகியவற்றையும், ஆஸ்திரியாவில் 1922இல் கலப்பினமாக உருவாக்கப்பட்ட ஸ்வைகெல்டையும் காணலாம். இவற்றுள் கேபர்னே ஃப்ராங்க், காத்திருப்பின் அருமையைத் தெளிவாகக் காட்டும் இரகம். அதன் பழத்தில் பைரசீன் என்னும் மணப்பொருள் உண்டு. லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே போதும், பச்சைக் குடைமிளகாயின் வாசம் எழுந்துவிடும். பழம் முற்ற முற்ற, கொத்தின் மேல் வெயில் பட்டுக்கொண்டே இருந்தால், அது குறைந்துகொண்டே வரும். குளிர்ந்த ஆண்டில் அவசரப்பட்டுப் பறித்தால் ஒயின் முழுவதும் பச்சை வாசமே நிறைந்துவிடும்; சரியான நாளில் பறித்தால் அதே வாசம் ஒரு மெல்லிய மூலிகைச் சாயலாக மட்டும் தங்கி அழகு சேர்க்கும். சிரா இரகத்திலும் குளிரோடு தொடர்புள்ள ஒரு மணம் உண்டு. அதில் வரும் மிளகு மணத்துக்குக் காரணம் ரொடன்டோன் என்னும் சேர்மம் என்பதை ஆஸ்திரேலிய ஒயின் ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2008இல் கண்டறிந்தார்கள். உண்மையான மிளகிலும் இருப்பது அதுவே. குளிர்ந்த இடங்களிலும் குளிர்ந்த ஆண்டுகளிலும் இது கூடுதலாகச் சேர்கிறது. ஐந்தில் ஒருவருக்கு இந்த மணம் மூக்கில் ஏறுவதே இல்லை என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. ஒரே ஒயினைச் சுவைத்த இருவரில் ஒருவர் மிளகு என்றும் மற்றவர் பழம் மட்டும் என்றும் சொன்னால் இருவரும் சொல்வது உண்மையாகவே இருக்கலாம்.

எல்லையோரத்தில் பயிரிடுபவர்களுக்கு நிலத்தின் ஒவ்வொரு முடக்கும் முக்கியம். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் அது நீரைப்போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். எனவே கொடிகளைப் பள்ளத்தில் நடாமல் சரிவின் நடுப்பகுதியில் நடுவார்கள். வடகோளத்தில் தெற்கு நோக்கிய சரிவும், தென்கோளத்தில் வடக்கு நோக்கிய சரிவும் சூரியனை நேராக வாங்கிக்கொள்ளும். ஆர் பள்ளத்தாக்கின் கரிய பலகைக்கற்கள் பகல் வெப்பத்தை உள்வாங்கி இரவில் வெளிவிடுகின்றன. நயாகராவுக்கு ஒன்டாரியோ ஏரி காவலாக நிற்கிறது: பெரிய நீர்ப்பரப்பு கோடையின் வெப்பத்தைத் தேக்கிவைத்து, அதன் பிறகு வரும் வாரங்களில் மெல்ல விடுவிப்பதால், முதல் உறைபனி தள்ளிப்போய் அறுவடைக்குச் சில நாள்கள் கூடுதலாகக் கிடைக்கின்றன.

இவ்வளவு இருந்தும் வசந்தகால உறைபனியின் அச்சம் நீங்குவதில்லை. உறங்கும் கொடி கடுங்குளிரைத் தாங்கும். புதிதாக விரிந்த தளிரோ சுழியத்துக்குக் கீழே ஒன்றிரண்டு டிகிரி இறங்கினாலே கருகிவிடும். அத்தகைய இரவுகளில் வரிசைகளுக்கிடையே பெரிய மெழுகுத் தீபங்களை ஏற்றுவார்கள். உயரத்தில் நிற்கும் வெதுவெதுப்பான காற்றைக் கீழே இறக்க ராட்சத விசிறிகளைச் சுழற்றுவார்கள். கொடிகளின் மீது விடாமல் நீர் தெளிப்பதும் உண்டு. நீர் உறையும்போது வெளியாகும் வெப்பம், பனிக்கட்டிக்குள் அகப்பட்ட தளிரைச் சுழியம் டிகிரியை ஒட்டியே வைத்திருக்கும். ஆனால் பனிக்கட்டி உருகும் வரை தெளிப்பை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் காப்பாற்ற வந்ததே தளிரைக் கொன்றுவிடும். 2021 ஏப்ரலில் பிரான்ஸைத் தாக்கிய உறைபனி, இத்தனை ஏற்பாடுகளையும் மீறி அந்நாட்டின் பெரும்பாலான ஒயின் பகுதிகளில் பெருஞ்சேதம் விளைவித்தது. பழம் முற்றும் நாள்களில் மழை பெய்தால் சாம்பல் பூசணம் கொத்துக்குள் நுழையும். பினோ நுவாரின் பழங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்பதால் ஒரு பழம் வெடித்தாலும் கொத்து முழுவதும் பாழாகிவிடும். காற்றும் வெயிலும் புகும்படி கொத்துகளைச் சுற்றியுள்ள இலைகளைக் கையால் கிள்ளி எடுப்பதும், பறவைகளுக்கு எதிராக வலை விரிப்பதும் இந்தப் பருவத்து வேலைகள்.

சிறு குடும்ப ஒயின் ஆலைக்கும் குளிர்நிலத்துக்கும் உள்ள பொருத்தம் இங்கே தெரியத் தொடங்குகிறது. நான்கைந்து ஹெக்டேர் நிலம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். தரத்துக்காக மகசூலைக் கட்டுப்படுத்தி ஹெக்டேருக்கு 4,000 லிட்டர் எடுத்தால், ஹெக்டேர் ஒன்றுக்கு 750 மில்லிலிட்டர் புட்டிகள் ஏறத்தாழ 5,300 கிடைக்கும்; ஆண்டுக்கு இருபதாயிரம் புட்டிகளைச் சற்றுத் தாண்டும் அளவு. குளிர்காலத்தில் கவாத்து செய்யும் அதே கைதான் கோடையில் இலை கிள்ளுகிறது, அறுவடை நாளைக் குறிக்கிறது, பிறகு பீப்பாயைத் திறந்து சுவைத்தும் பார்க்கிறது. எந்த வரிசையின் கடைசிக் கொடிகள் எப்போதும் நான்கு நாள் பின்தங்கும் என்பது அந்தக் கைக்குத் தெரியும். பாரம்பரியம் என்ற பெருமையைவிட, விளைநிலத்தில் எடுத்த முடிவின் விளைவை அதே ஆள் பாதாள அறையில் சந்திக்க நேர்வதே குடும்ப ஆலையின் உண்மையான பலம் என்று நான் கருதுகிறேன்.

அறுவடைக்கு முந்தைய வாரத்தில் அவர்கள் செய்வதைக் கூர்ந்து பார்த்தால் இது விளங்கும். சர்க்கரையை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் என்னும் கையடக்கக் கருவி இருக்கிறது. ஒரு துளி சாற்றை அதன் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால் அளவு தெரிந்துவிடும். ஆனால் முடிவு செய்வது வாயில்தான். வரிசையின் இரு பக்கங்களிலிருந்தும், வெயில் படும் கொத்திலும் நிழலில் உள்ள கொத்திலும் பழங்களைப் பறிப்பார்கள். காம்பிலிருந்து பழம் எளிதாகக் கழன்று, காம்பின் நுனியில் ஒட்டியிருக்கும் சதையில் சிவப்பு ஏறியிருந்தால் அது நல்ல அறிகுறி. முதலில் சாற்றை மட்டும் உறிஞ்சி இனிப்பையும் புளிப்பையும் பார்ப்பார்கள். பின்பு தோலைத் தனியே பல நொடிகள் மென்று, துவர்ப்பு ஈறுகளை வறளச் செய்கிறதா, இதமாகப் படர்கிறதா என்று கவனிப்பார்கள். கடைசியில் விதையை உள்ளங்கையில் துப்பிப் பார்ப்பார்கள். விதை பச்சையாக இருந்தால் காத்திருக்க வேண்டும். பழுப்பேறி, கடித்ததும் மொறுமொறுப்பாக உடைந்தால் நாள் நெருங்கிவிட்டது. அதே வேளையில் வானிலை அறிவிப்பு மூன்று நாளில் மழை என்கிறது. பறிப்பதா, பொறுப்பதா? ஓராண்டு உழைப்பு முழுவதும் அந்த ஒரு முடிவில் தொங்குகிறது.

சிறிய அளவில் தொடங்கிய ஒரு குடும்பம் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஆரிகனில் ஒரு சான்று உண்டு. டேவிட் லெட் 1965இல் வில்லாமெட் பள்ளத்தாக்கில் பினோ நுவார் கொடிகளை நட்டபோது, அந்த இடம் சிவப்பு ஒயினுக்கு ஏற்றதன்று, குளிரும் மழையும் மிகுதி என்பதே பலரின் கருத்து. அவரும் மனைவி டயானாவும் 1970இல் வான்கோழி பதப்படுத்தும் பழைய கூடம் ஒன்றில் தங்கள் முதல் ஒயினைச் செய்தார்கள். அவர்களுடைய 1975ஆம் ஆண்டு பினோ நுவார், 1980இல் பர்கண்டியில் நடந்த ஒரு மறைசுவைப் போட்டியில் (எது யாருடைய ஒயின் என்று தெரியாமல் சுவைத்து மதிப்பிடுவது) அப்பகுதியின் புகழ்பெற்ற ஒயின்களுக்கிடையே இரண்டாம் இடம் பெற்றது. அந்த ஆலையை இன்று நடத்துபவர் அவர்களுடைய மகன்.

பறித்த பிறகு நடப்பவை மற்ற சிவப்பு ஒயின்களுக்கும் பொதுவானவைதான். வேறுபாடு கையாளும் மென்மையில் இருக்கிறது. சாறு நிறமற்றது, நிறமும் டானினும் தோலில் இருப்பதால், காம்பு நீக்கிய பழங்களைத் தோலோடும் விதையோடும் தொட்டியில் இட்டு நொதிக்க விடுவார்கள். சிலர் கொத்தின் ஒரு பகுதியைக் காம்போடு அப்படியே சேர்ப்பதும் உண்டு. ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கார்பன் டை ஆக்ஸைடாகவும் மாற்றத் தொடங்கியதும், எழும் வாயு தோல்களை மேலே தள்ளி ஒரு தடித்த அடுக்காக நிறுத்திவிடும். நாளுக்கு ஓரிரு முறை நீண்ட கோலால் அந்த அடுக்கைச் சாற்றுக்குள் அமிழ்த்த வேண்டும். இல்லாவிட்டால் மேலடுக்கு காய்ந்து கெட்டுப்போகும், நிறமும் இறங்காது. மெல்லிய தோலுள்ள குளிர்நிலத் திராட்சைக்கு இந்த அமிழ்த்தலைப் பலமாகச் செய்தால் விதையின் கசப்பு வந்துவிடும். காற்றைவிடக் கனமான அந்த வாயு மூடிய அறையில் தரையை ஒட்டித் தேங்கி உயிரையே பறிக்கக்கூடியது என்பதால், நொதிக்கும் நாள்களில் காற்றோட்டம் இல்லாத அறைக்குள் யாரும் தனியே போவதில்லை. சிறிய ஆலைகளில்தான் இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

ஒன்றிரண்டு வாரங்களுக்குப் பிறகு சக்கையைப் பிழிந்தெடுத்து ஒயினைப் பீப்பாய்க்கு மாற்றுவார்கள். அங்கே இரண்டாவது மாற்றம் ஒன்று நிகழும்: ஈனோகாக்கஸ் ஈனி என்னும் பாக்டீரியா, கூர்மையான மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும். குளிர்நில ஒயினில் மாலிக் அமிலம் மிகுதியாக எஞ்சியிருப்பதால் இந்த மாற்றம் இல்லாமல் அது குடிக்கத்தக்க பதத்துக்கு வராது. குளிர்ந்த பாதாள அறைகளில் இது பல வேளைகளில் வசந்தம் வரை தாமதிக்கும். அதுவரை பொறுமையாகக் காத்திருப்பார்கள். 225 லிட்டர் பீப்பாய் ஒன்று 300 புட்டிகளை நிரப்பும். புதிய ஓக் பீப்பாயின் மரமணம் மென்மையான ஒயினை எளிதில் மூடிவிடும் என்பதால், பலமுறை பயன்படுத்திய பீப்பாய்களையே பெரும்பகுதிக்குப் பயன்படுத்துவது நல்லது என்பது என் கருத்து.

வெயில் குறைந்த ஆண்டுகளில் சாற்றில் சர்க்கரை போதாமல் போவதும் உண்டு. நொதிக்கும் சாற்றோடு சர்க்கரை சேர்த்து ஆல்கஹாலை உயர்த்தும் முறையை பிரெஞ்சு வேதியியலாளர் ஷான் அந்துவான் ஷாப்தால் 1801இல் வெளியிட்ட நூலில் பரிந்துரைத்தார். அவர் பெயராலேயே அது இன்றும் அழைக்கப்படுகிறது. ஐரோப்பாவின் குளிர்ந்த பகுதிகளில் வரம்புக்கு உட்பட்டு அது அனுமதிக்கப்படுகிறது; ஆஸ்திரேலியாவிலும் கலிஃபோர்னியாவிலும் அனுமதி இல்லை. இது இனிப்பூட்டும் வேலை அன்று; சேர்த்த சர்க்கரை முழுவதும் நொதித்துவிடும். ஆயினும் சர்க்கரையை மட்டும்தான் இப்படிக் கடனாக வாங்க முடியும். முற்றாத தோலையும் பச்சை விதையையும் எந்தச் சேர்க்கையாலும் பழுக்க வைக்க முடியாது.

இந்த எல்லைக்கோடு இப்போது நகர்ந்துகொண்டிருக்கிறது. பர்கண்டியின் போன் நகரத்துக்கு 1354ஆம் ஆண்டிலிருந்து அறுவடைத் தேதிகளின் பதிவு இருக்கிறது. அதை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, 1988க்குப் பிந்தைய அறுவடைகள் அதற்கு முந்தைய நூற்றாண்டுகளின் சராசரியைவிட ஏறத்தாழ 13 நாள் முந்திவிட்டன என்று காட்டியது. ஒருகாலத்தில் பழம் பழுக்குமா என்று கவலைப்பட்ட குடும்பங்கள், இப்போது சர்க்கரை ஓடிவிடுமே என்று கவலைப்படுகின்றன. கொத்துகளுக்கு நிழல் வேண்டி இலைகளைக் கிள்ளாமல் விடுவதும், முன்பு குளிர் மிகுதி என்று ஒதுக்கிய மேட்டு நிலங்களில் புதிய கொடிகளை நடுவதும் இதன் விளைவுகள். முன்கூட்டியே வரும் வெப்பத்தை நம்பித் தளிர்கள் சீக்கிரமே விரிந்துவிடுவதால், உறைபனியின் ஆபத்தும் குறைந்தபாடில்லை. நட்ட கொடி பயன்தர மூன்று ஆண்டுகள் ஆகும் என்பதால், இன்று எடுக்கும் முடிவு அடுத்த தலைமுறையின் தட்பவெப்பத்துக்குப் பொருந்துமா என்று யோசித்தே நட வேண்டியிருக்கிறது.

இவ்வகை ஒயினை முதன்முதலாகச் சுவைப்பவர்கள் புட்டியின் மேல் அச்சிட்ட ஆண்டைப் பார்க்கத் தவற வேண்டாம். வெப்பநிலங்களில் ஆண்டுக்கு ஆண்டு வேறுபாடு குறைவு. குளிர்நிலத்திலோ ஒரே குடும்பத்தின் ஒரே நிலத்து ஒயின்கூட, வெயில் மிகுந்த ஆண்டில் ஒரு முகமும் மழை மிகுந்த ஆண்டில் வேறொரு முகமும் காட்டும். முடிந்தால் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளின் புட்டிகளை அருகருகே வைத்துச் சுவைப்பது நல்லது. வெதுவெதுப்பான அறை வெப்பத்தில் பரிமாறினால் ஆல்கஹால் முன்னே வந்து மணத்தை மறைத்துவிடும். 14 முதல் 16 டிகிரி வரை குளிரவைத்து, அகன்ற குவளையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாமல் முதலில் முகர்ந்து பாருங்கள். குவளை மெல்ல வெப்பமடையும் அரைமணி நேரத்தில், செம்பழ மணத்துக்கு அடியிலிருந்து ஈரமண்ணும் உலர்ந்த இலையும் மூலிகையும் ஒவ்வொன்றாக மேலே வரும்.